சர்க்கரையை நிறுத்தினால் கட்டி கரையுமா?

கீமோ ஒரு பக்கம், கீட்டோ ஒரு பக்கம்: புற்றுநோயாளியின் தட்டில் நடக்கும் போராட்டம்

பெட் ஸ்கேன் படத்தை முதன்முறையாகப் பார்க்கும் குடும்பத்துக்கு அது பல நாள் கண்ணைவிட்டு அகலாது. சாம்பல் நிறத்தில் ஓர் உடம்பு. அதற்குள் ஓரிடத்தில் மட்டும் மஞ்சளும் ஆரஞ்சுமாக ஒரு திட்டு. அது என்னவென்று கேட்டால், ஊசியில் ஏற்றிய குளுக்கோஸை அந்த இடம் அதிகமாக இழுத்திருக்கிறது என்று சொல்வார்கள். உண்மைதான். கதிரியக்க ஃப்ளோரின் சேர்த்த ஒருவகை குளுக்கோஸைத்தான் அந்தப் பரிசோதனையில் உடலுக்குள் செலுத்துகிறார்கள். பசியோடு இருக்கும் திசு அதைப் பிடித்து வைத்துக்கொள்ள, கேமரா அதைப் படமாக்குகிறது. வீடு திரும்பும் காரிலேயே யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: “அப்ப சர்க்கரையையும் சோறையும் நிறுத்திட்டா, அந்தக் கட்டி பட்டினி கெடந்து செத்துடாதா?”

நியாயமான கேள்வி. நூறு வருடங்களுக்கு முன் ஜெர்மனியின் ஓட்டோ வார்பர்க்கும் ஏறக்குறைய இதே இடத்தில்தான் நின்றார். புற்றுத் திசுவைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டிக் கண்ணாடிக் கலத்தில் வைத்து அளந்தபோது, ஆக்ஸிஜன் தாராளமாக இருந்தும் அந்தத் திசு குளுக்கோஸை அரைகுறையாக உடைத்து லாக்டிக் அமிலமாக வெளியேற்றுவதை அவர் 1920களில் கண்டார். புற்று செல்லின் சுவாச உறுப்பே பழுதாகிவிட்டது, அதுதான் நோயின் மூலம் என்று கடைசிவரை நம்பினார். 1931-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பலர் நினைப்பதுபோல அது புற்றுநோய்க்காக அல்ல, சுவாச நொதி பற்றிய கண்டுபிடிப்புக்காக. வார்பர்க் பார்த்தது சரி. அதற்கு அவர் சொன்ன காரணம்தான் முழுவதும் நிற்கவில்லை. பெரும்பாலான புற்று செல்களின் மைட்டோகாண்ட்ரியா வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. எரிபொருளாக மட்டுமல்லாமல், புது செல் கட்டுவதற்கான கச்சாப் பொருளாகவும் புற்று குளுக்கோஸை எடுக்கிறது. குளுக்கோஸ் குறைந்தால் குளுட்டமின் என்ற அமினோ அமிலத்தையோ கொழுப்பையோ எடுத்துச் சமாளிக்கத் தெரிந்த புற்றுகளும் உண்டு. புராஸ்டேட் புற்று பல நேரங்களில் இந்த குளுக்கோஸ் ஸ்கேனில் பளிச்சென்று தெரிவதே இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாம் சோற்றை நிறுத்தினாலும் ரத்தத்தில் சர்க்கரை நிற்காது. கல்லீரல் தானாகவே தயாரித்து ஊற்றும், தேவைப்பட்டால் தசையின் புரதத்தைக் கரைத்தாவது. அதை நம் விருப்பப்படி பூஜ்யத்துக்குக் கொண்டுபோக முடியாது. கொண்டுபோனால் கட்டிக்கு முன்னால் நாம்தான் மயங்கி விழுவோம். குறைக்க முடிவது இன்சுலினை. அதனால்தான் மாவுச்சத்தை ஏறக்குறைய நிறுத்தும் கீட்டோ உணவுமுறை பற்றிய இன்றைய ஆய்வுகளில் சர்க்கரையைவிட இன்சுலினே முக்கியப் பாத்திரமாகியிருக்கிறது.

நம் ஊரில் இந்த யோசனை இவ்வளவு சுலபமாகப் பற்றிக்கொள்ளக் காரணம் இருக்கிறது. மருந்து என்றால் கூடவே பத்தியம் இருக்க வேண்டும் என்பது நமக்கு ஊறிப்போன எண்ணம். கீமோ கொடுக்கும் மருத்துவர் “எல்லாம் சாப்பிடலாம், நல்லா சாப்பிடுங்க” என்று சொன்னால், ஏதோ விட்டுப்போனதுபோலத்தான் குடும்பம் வெளியே வரும். போதாததற்குக் கடந்த பத்தாண்டுகளில் பேலியோவும் கீட்டோவும் எடைக்குறைப்பு, சர்க்கரை நோய் வழியாகத் தமிழ் வீடுகளுக்குள் வந்துவிட்டன. மாமாவுக்கு சுகர் குறைந்தது, சித்திக்கு இடுப்பு குறைந்தது என்றால், அண்ணனுக்குக் கட்டியும் குறையாதா என்ற ஆசை வருவது இயல்பு. அந்த ஆசையைக் கேலி செய்பவர்கள் மீது எனக்குக் கோபமே வருகிறது. உயிருக்குப் போராடும் ஒருவர், தன் கையால் செய்ய ஒரு காரியமாவது வேண்டும் என்று கேட்கிறார். அதற்கு நேர்மையான பதில் சொல்லும் கடமை நமக்கு இருக்கிறது.

இருநூறு கிராம் கொழுப்பு

கீட்டோ என்ற பெயர் புற்றுநோயிலிருந்து வந்ததல்ல. 1921-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் வலிப்பு நோயாளிகளுக்காக வகுத்த உணவுமுறை அது. பட்டினி கிடந்தால் வலிப்பு குறைவதைப் பார்த்தவர்கள், பட்டினி போடாமலேயே உடலைப் பட்டினி நிலைக்குக் கொண்டுபோக வழி தேடினார்கள். மாவுச்சத்தை ஏறக்குறைய நிறுத்திக் கொழுப்பை ஏற்றினால், கல்லீரல் கொழுப்பை உடைத்து கீட்டோன்களைத் தயாரிக்கும். மூளை அதை வைத்து ஓடும். இன்றும் மருந்துக்கு அடங்காத குழந்தை வலிப்புக்கு இது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை. அங்கே கிராம் தராசு வைத்து அளந்துதான் தருகிறார்கள்.

அந்த மூல வடிவத்தில் ஒரு கிராம் புரதமும் மாவும் சேர்ந்ததற்கு நான்கு கிராம் கொழுப்பு. 2,000 கலோரிக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு நாளைக்கு 200 கிராம் கொழுப்பு, புரதமும் மாவும் சேர்த்தே 50 கிராம். இப்போது ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்து அமைப்பான எஸ்பென் சொல்வதைப் பக்கத்தில் வைப்போம். புற்றுநோயாளிக்குக் கிலோவுக்கு ஒரு கிராமுக்கு மேல், முடிந்தால் ஒன்றரை கிராம் வரை புரதம் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 90 கிராம். மூல கீட்டோவின் 50 கிராமுக்குள் அது அடங்கவே அடங்காது. அதனால்தான் புற்றுநோய் ஆய்வுகள் பலவற்றில் புரதத்துக்கு இடம் விட்டு விகிதத்தைத் தளர்த்துகிறார்கள். யூடியூப் பார்த்து வீட்டில் ஆரம்பிப்பவருக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்வதில்லை.

தளர்த்திய வடிவத்திலும் நாளுக்கு 20 முதல் 50 கிராம் மாவுச்சத்துதான் அனுமதி. நம் சமையலறையில் அது என்ன என்று பார்க்கலாம். ஓர் இட்லியில் ஏறக்குறைய 8 கிராம். நான்கு இட்லி சாப்பிட்டால் 30 கிராமைத் தாண்டிவிடும். வடித்த சோறு ஒரு கப் என்றால் 40 கிராமுக்கு மேல். ஒரு டம்ளர் பாலில் 10 கிராம். அசைவம் சாப்பிடுபவருக்கு முட்டை, மீன், கறி, தேங்காய் என்று ஏதோ ஒரு வழி இருக்கிறது. முட்டையும் தொடாத வீட்டில் பனீர், தேங்காய், வெண்ணெய், கொஞ்சம் பாதாம், கீரை. அதையே காலை, மதியம், இரவு என்று வாரக்கணக்கில் சாப்பிட வேண்டும். இதெல்லாம் நல்ல நாக்கு இருப்பவருக்கு. கீமோவில் இருப்பவருக்கோ வாயெல்லாம் உலோக ருசி, தாளிக்கும் வாசனை வந்தாலே குமட்டல். அவர் முன்னால் நெய் மிதக்கும் முட்டையை வைத்துவிட்டு “சாப்பிட்டுத்தான் ஆகணும்” என்று நிற்கும் மனைவியையோ மகனையோ நினைத்தால் மனசு பதறுகிறது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் நுரையீரல், கணையப் புற்று நோயாளிகளுக்குக் கீமோ, ரேடியேஷனோடு கீட்டோ கொடுத்துப் பார்த்தபோதும் நடந்தது இதுதான். சேர்ந்ததே சிலர், அவர்களிலும் பெரும்பாலோரால் முடிக்க முடியவில்லை.

மூளைக் கட்டியில் தொடங்கிய நம்பிக்கை

புற்றுநோயில் கீட்டோவுக்கு முதல் ஆதாரமாக எல்லோரும் எடுத்துக்காட்டுவது 1995-ல் வந்த ஓர் அறிக்கை. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் லிண்டா நெபலிங் என்ற ஊட்டச்சத்து ஆய்வாளர், முற்றிய மூளைக் கட்டியோடு இருந்த இரண்டு சிறுமிகளுக்குக் கீட்டோ உணவு கொடுத்தார். பெட் ஸ்கேனில் கட்டி குளுக்கோஸ் இழுப்பது சராசரியாக 21.8 சதவீதம் குறைந்திருந்தது. இரண்டு குழந்தைகள், ஒரு ஸ்கேன் அளவு. நம்பிக்கை தர அது போதும், சிகிச்சையை மாற்றப் போதாது. அதன்பின் பாஸ்டன் கல்லூரியின் தாமஸ் செய்ஃப்ரீட், புற்றுநோய் அடிப்படையில் ஒரு வளர்சிதை மாற்ற நோய் என்று 2012-ல் புத்தகமே எழுதினார். இணையத்தில் சுற்றும் வீடியோக்களில் அடிக்கடி தென்படும் முகம் அவருடையது.

மூளைக் கட்டிகளிலேயே மோசமானது கிளையோபிளாஸ்டோமா. கீட்டோ அதிகம் சோதிக்கப்பட்டதும் அதில்தான். ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட்டில் நடந்த எர்கோ-2 ஆய்வு, சீட்டுப்போட்டு இரு அணியாகப் பிரித்துச் செய்த ஒழுங்கான சோதனை. கட்டி திரும்ப வந்து, மறுபடியும் கரண்ட் வைக்க வேண்டிய 50 பேர். ஒரு பாதிக்கு வழக்கமான உணவு. மறுபாதிக்கு ரேடியேஷன் சமயத்தில் ஒன்பது நாள் தனி உணவு: முதல் மூன்று நாள் கலோரி குறைத்த கீட்டோ, நடுவில் மூன்று நாள் உண்ணாநோன்பு, பிறகு மூன்று நாள் மறுபடி கீட்டோ. 2020-ல் முடிவு வந்தது. நோயாளிகளால் தாங்க முடிந்தது, பெரிய தீங்கு இல்லை. ஆனால் ஆறு மாதம் கட்டி வளராமல் இருந்தவர்களின் விகிதத்தில் இரண்டு அணிக்கும் சொல்லிக்கொள்ளும் வேறுபாடு இல்லை. ரத்த சர்க்கரை நன்றாக இறங்கியவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்ததாக ஒரு துணைக்கணக்கு சொன்னது. உணவு அவர்களைக் காத்ததா, உடம்பு திடமாக இருந்தவர்களுக்கே சர்க்கரை இறங்கியதா என்று அதிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. ஒன்பது நாள் மிகக் குறைவு என்று கீட்டோ ஆதரவாளர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவின் சீடார்ஸ்-சைனாய் மருத்துவமனை முன்னின்று, புதிதாகக் கண்டறியப்பட்ட கிளையோபிளாஸ்டோமா நோயாளிகளுக்கு வழக்கமான சிகிச்சையோடு பல வாரங்கள் கீட்டோ கொடுக்கும் பெரிய சோதனையைத் தொடங்கியிருக்கிறது.

ஒரே உணவு, இரண்டு முகம்

என்னை மிகவும் யோசிக்க வைத்தது 2018-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு. லூயிஸ் கான்ட்லியின் குழு செய்தது. சித்தார்த்த முகர்ஜியும் அதில் உண்டு, புற்றுநோயின் வரலாற்றைப் புத்தகமாக எழுதிய அதே மருத்துவர். செல்லுக்கு ‘வளர்’ என்று உத்தரவிடும் பி.ஐ.3.கே என்ற நொதியை 1980களில் அடையாளம் கண்டவர் கான்ட்லி. பல புற்றுகளில் இந்த நொதி கட்டுமீறி வேலை செய்கிறது. அதை அடக்க மருந்துகள் வந்தன. ஆய்வுக்கூடத்தில் நன்றாக வேலை செய்த அந்த மருந்துகள் நோயாளிகளிடம் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. ஏன்?

இன்சுலின் உடலில் வேலை செய்வதும் இதே நொதி வழியாகத்தான். மருந்து அதை அடைத்ததும் கல்லீரல் சர்க்கரையை வெளியே கொட்டுகிறது, தசை அதை எடுக்க மறுக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏற, கணையம் பதறிப்போய் இன்சுலினை அள்ளி வீசுகிறது. அந்த இன்சுலின் வெள்ளம் கட்டிக்குள் போய், மருந்து அடைத்த கதவையே மறுபடி திறந்துவிடுகிறது. எலிகளுக்குக் கீட்டோ உணவு கொடுத்து இன்சுலினை இறக்கியபோது அதே மருந்து நன்றாக வேலை செய்தது. உணவு மருந்துக்குத் துணை நிற்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேறு இல்லை.

ஆனால் அதே ஆய்வுக் கட்டுரையில் இன்னொரு வரியும் இருக்கிறது. தீவிர ரத்தப் புற்று இருந்த எலிகளுக்கு மருந்து இல்லாமல் கீட்டோ மட்டும் கொடுத்தபோது நோய் வேகமெடுத்தது. முதல் பாதியை மேற்கோள் காட்டும் வீடியோக்கள் இந்த வரியைச் சொல்வதில்லை. இது தனி நிகழ்வும் அல்ல. பி-ராஃப் என்ற மரபணுவில் குறிப்பிட்ட மாற்றம் கொண்ட மெலனோமா கட்டிகள் ஒருவகைக் கீட்டோனைப் பயன்படுத்தி வளர்வதை அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தினர் 2017-ல் எலிகளில் காட்டினார்கள். ஆக, கீட்டோ என்பது எல்லோருக்கும் பொதுவான பத்தியம் ஆகவே முடியாது. எந்தப் புற்று, எந்த மரபணு மாற்றம், கூட எந்த மருந்து என்று பார்த்துத் தர வேண்டிய ஒன்று. ஒரு மருந்தைப் போலவே நடந்துகொள்கிறது என்றால், மருந்துக்கு இருக்கும் எச்சரிக்கை அதற்கும் வேண்டும்.

எடை என்ற எச்சரிக்கை மணி

எடை குறைந்தால் மகிழ்வது கீட்டோவின் வழக்கம். எடை குறைந்தால் கவலைப்படுவது புற்றுநோய் சிகிச்சையின் வழக்கம். இரண்டும் ஒரே உடம்பில் மோதுகின்றன.

புற்றுநோயில் வரும் உடல் உருக்கம் சாதாரண மெலிவு அல்ல. கொழுப்போடு தசையும் கரையும், வெறுமனே நன்றாகச் சாப்பிடுவதால் மட்டும் அதை மீட்க முடியாது. நியூயார்க்கில் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தின் டோபியாஸ் ஜானோவிட்ஸ் குழு 2023-ல் வெளியிட்ட எலி ஆய்வு இங்கே முக்கியம். கீட்டோ உணவில் கட்டியின் வளர்ச்சி மெதுவானது. ஆனால் எலிகளோ சீக்கிரம் உருகி, சீக்கிரமே இறந்தன. நோயின் அழுத்தத்தைத் தாங்கத் தேவையான ஸ்டீராய்டு ஹார்மோனை அவற்றின் உடலால் போதிய அளவு சுரக்க முடியவில்லை. வெளியிலிருந்து ஸ்டீராய்டு கொடுத்தபோது உருக்கம் தள்ளிப்போனது. கட்டியின் வளர்ச்சி மெதுவாகும்போதே ஆள் தளர்ந்துபோகலாம் என்பதை ஸ்கேன் படம் மட்டும் பார்ப்பவர் கவனிக்கத் தவறுவார்.

நம் நாட்டு ஆண்களிடம் அதிகம் காணப்படும் வாய்ப் புற்றை எடுத்துக்கொள்ளுங்கள். கரண்ட் வைக்கும் முன், வெந்நீரில் இளக்கிய ஒரு பிளாஸ்டிக் வலையை முகத்தின் மேல் அழுத்தி அச்சு எடுப்பார்கள். அது இறுகி முகமூடியாகிவிடும். தினமும் அதை மாட்டி மேசையோடு பூட்டித்தான் கதிர் செலுத்துவார்கள், தலை சில மில்லிமீட்டர் அசைந்தாலும் குறி தவறும் என்பதால். நோயாளி மெலிந்தால் கன்னம் வற்றி, முகமூடி தொளதொளவென்றாகிவிடும். மறுபடி அச்சு, மறுபடி ஸ்கேன், மறுபடி திட்டம். சிகிச்சை நடுவில் நிற்கும். வாய்ப்புண்ணால் தண்ணீர்கூட இறங்காமல் மூக்குக் குழாய் வழியே உணவு போகும் அந்த நாட்களில், மாவுச்சத்தை எண்ணிக்கொண்டிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கஞ்சியோ, பழச்சாறோ, ஐஸ்கிரீமோ, இறங்குவது இறங்கட்டும்.

எல்லோருக்கும் இந்த எடைக் கவலை பொருந்தாது. உடல் பருமனோடு கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்று வந்த பெண்ணின் நிலை வேறு. அலபாமா பல்கலைக்கழகம் 2018-ல் வெளியிட்ட ஆய்வில் சினைப்பை, கர்ப்பப்பைப் புற்று வந்த பெண்கள் 12 வாரம் கீட்டோ எடுத்தபோது வயிற்றுக் கொழுப்பும் இன்சுலினும் குறைந்தன, தசை பெரிதாகக் கரையவில்லை. ஆயுள் கூடியதா என்று அந்த ஆய்வு பார்க்கவில்லை. ஆனாலும், இப்படிப்பட்டவர் டயட்டீஷியன் கண்காணிப்பில் கீட்டோ முயல விரும்பினால், தடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. கணையத்திலோ இரைப்பையிலோ பித்தப்பையிலோ அறுவை சிகிச்சை ஆனவருக்கு மட்டும், கொழுப்பைச் செரிக்கும் திறனே குறைந்திருக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது.

மருந்துப் பட்டியலையும் பாருங்கள்

புற்றுநோயாளிகளில் பலருக்கு ஏற்கெனவே சர்க்கரை நோய் இருக்கும். இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுத்துக்கொண்டே சோற்றை நிறுத்தினால் சர்க்கரை தடாலென்று இறங்கும். அதைவிட நயவஞ்சகமானது டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை. இவற்றோடு கீட்டோ சேர்ந்தால் ரத்தம் ஆபத்தான அளவுக்கு அமிலமாகிவிடக்கூடும். குளுக்கோமீட்டரிலோ பெரிய உயர்வு காட்டாது. அறிகுறிகள் வாந்தி, சோர்வு, மேல்மூச்சு. “கீமோ போட்டா இப்படித்தான் இருக்கும்” என்று வீட்டிலேயே படுக்க வைத்துவிடுவார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே கீட்டோவை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

புராஸ்டேட் புற்றுக்குத் தரும் அபிராட்டரோன் மாத்திரையை வெறும் வயிற்றில்தான் போட வேண்டும். கொழுப்பு மிகுந்த உணவோடு போட்டால் உடல் அதை ஏறக்குறைய பத்து மடங்குவரை கூடுதலாக உறிஞ்சிவிடும். சிஸ்பிளாட்டின் ஏற்றும்போது சிறுநீரகத்தைக் காக்க பாட்டில் பாட்டிலாக நீரும் உப்பும் ஏற்றுகிறார்கள். கீட்டோவின் முதல் வாரத்தில் உடல் செய்வது அதற்கு நேர்மாறு, நீரையும் உப்பையும் சிறுநீரில் வெளியேற்றும்.

உணவைவிட என்னைப் பயமுறுத்துவது அதை மறைப்பதும், அதை நம்பிச் சிகிச்சையில் ஒன்றை நழுவவிடுவதும். யேல் பல்கலைக்கழகத்தின் ஸ்கைலர் ஜான்சன் குழு 2018-ல் வெளியிட்ட ஆய்வு கீட்டோ பற்றியது அல்ல. வழக்கமான சிகிச்சையோடு பிற முறைகளையும் சேர்த்துக்கொண்டவர்களைப் பற்றியது. அவர்களில் 34 சதவீதம் பேர் கீமோவை மறுத்தார்கள், மற்றவர்களில் 3 சதவீதம். ரேடியேஷனை மறுத்தவர்கள் 53 சதவீதம், மற்றவர்களில் 2 சதவீதம். இறக்கும் அபாயம் இரண்டு மடங்காக இருந்தது. அந்த வித்தியாசத்துக்கு இந்த மறுப்பே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். ‘கூடவே’ என்று ஆரம்பிப்பது எப்போது ‘பதிலாக’ என்று மாறுகிறது என்பது நோயாளிக்கே தெரிவதில்லை. இந்தக் கீமோ வேண்டாம், அடுத்த ஸ்கேன்வரை உணவிலேயே பார்க்கலாம் என்ற ஒரு வார்த்தையில் அது நடந்துவிடுகிறது.

மருத்துவர்களிடமும் ஒரு வேண்டுகோள். அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களின் அமைப்பான ஆஸ்கோ 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், சிகிச்சைக் காலத்தில் கீட்டோவைப் பரிந்துரைக்கவும் போதிய ஆதாரம் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் போதிய ஆதாரம் இல்லை என்றே சொல்கிறது. அப்படியிருக்க, கேட்கும் நோயாளியை “அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம்” என்று ஒரே வரியில் அனுப்பினால், அவர் கீட்டோவை விடமாட்டார். உங்களிடம் சொல்வதைத்தான் விட்டுவிடுவார்.

ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டீர்கள் என்றால், அடுத்த ஓ.பி.க்குப் போகும்போது சாப்பிடுவதை அப்படியே ஒரு தாளில் எழுதி, சர்க்கரை மாத்திரை உட்பட எல்லா மருந்துச் சீட்டுகளோடும் கொண்டுபோங்கள். டயட்டீஷியனைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். வாரம் ஒருமுறை ஒரே நேரத்தில், ஒரே எடை மெஷினில் எடை பாருங்கள். நோய் தெரிந்தபோது 60 கிலோ இருந்தவர் 57-க்கு வந்துவிட்டால், அது ஐந்து சதவீத இழப்பு. அடுத்த தேதிவரை காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். அவர்கள் பார்க்கும்வரை மாவுச்சத்துக் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு, தயிர்சாதமோ இட்லியோ, நோயாளி எதைக் கேட்கிறாரோ அதைக் கொடுங்கள்.